நட்புப் பாலத்தைக் கடந்த உருளை

எங்கள் ஊரையும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ரஷ்யாவையும் சேர்க்கிற பாலத்துக்கு நட்பு என்று பெயர். பெயர் வைத்த நாடு போய்விட்டது, பெயர் போகவில்லை. பாலத்தின் இந்த முனையில், இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்து, நட்பின் வழியாக எது போகலாம் எது போகக்கூடாது என்று முடிவு செய்பவள் ரிம்மா க்ரூஸ். வயது ஐம்பத்தெட்டு. சுங்க வேலையில் முப்பத்தோரு வருஷம். நார்வாவில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் பைக்குள் என்ன இருக்கிறது என்பதை அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள்.

அவள் பிறந்தபோது ஆறு வெறும் ஆறாகத்தான் இருந்தது. முதல் பல்லைப் பிடுங்கியது அக்கரையில், முதல் தடவை ஒருவனோடு நடனமாடியது அக்கரையில். அம்மாவைப் புதைத்ததும் அங்கேதான், அந்தப் பக்கத்து இடுகாட்டில் மண் உலர்ந்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. பிறகு ஒரு காலையில் ஆறு எல்லையாகிவிட்டது. நெசவாலையில் தறி பார்த்துக்கொண்டிருந்த ரிம்மாவுக்கு வேலை போயிற்று. ரஷ்ய மொழி மட்டும் தெரிந்தவளுக்கு எஸ்தோனியா என்ற புது நாட்டில் சுங்க வேலை கிடைக்க வேண்டுமானால் எஸ்தோனிய மொழித் தேர்வு எழுத வேண்டும். இருபத்தேழு வயதில் உட்கார்ந்து பதினான்கு வேற்றுமை உருபுகளையும் மனப்பாடம் செய்தாள். வீட்டுப்பாடத்துக்கு உதவிய ஹைனோ என்ற மின்நிலையத் தொழிலாளியையே கல்யாணமும் செய்துகொண்டாள். ஹைனோ நாளொன்றுக்கு இருபது வார்த்தைதான் பேசுவான் என்பதால் பயிற்சி எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை.

முதல் இருபத்தெட்டு வருஷம் அவள் வேலை உள்ளே வருவதைத் தடுப்பது. ரொட்டிக்குள் சிகரெட், சூப்புப் பாத்திரத்தில் வோட்கா. பிறகு அக்கரை நாடு தொடுத்த போர் வந்தது, அந்த நாட்டின் மேல் பொருளாதாரத் தடை வந்தது, அங்கே போகக்கூடாத பொருள்களின் பட்டியல் வந்தது. இப்போது வெளியே போவதைத் தடுக்க வேண்டும். மேஜையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான். நேற்று வரை அக்கரையிலிருந்து எதைக் கொண்டுவந்தாய் என்று கேட்டவள், இன்று அக்கரைக்கு எதைக் கொண்டுபோகிறாய் என்று அதே ஆளிடம் அதே முகத்தோடு கேட்டாள். போரைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. அதிகாரி என்பதால் பேசக்கூடாது, நார்வாக்காரி என்பதால் பேசமாட்டாள்.

பட்டியலில் பொருள்களுக்குப் பெயர் முக்கியமில்லை, எண்தான் முக்கியம். பைக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் எண்ணின் கீழ் போய் உட்கார வேண்டும். எண் பட்டியலில் இருந்தால் பொருள் நிற்கும், இல்லாவிட்டால் போகும். மற்ற ஜன்னல்களில் கணினியைத் தட்டித் தேடுவார்கள். ரிம்மா தேடமாட்டாள். பார்த்தவுடன் எண் சொல்வாள். தலைநகரத்திலிருந்து வரும் புதியவர்களை அவள் பக்கத்தில் இரண்டு வாரம் உட்காரவைத்துத்தான் அனுப்புவார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பி, நார்வாவில் ஓர் அம்மாள் இருக்கிறாள், ஷாம்பூ புட்டியைக் குலுக்கியே எண் சொல்கிறாள் என்று கதை சொல்வார்கள். இந்தப் புகழ் ரிம்மாவுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருப்பதை வெளியே காட்டிக்கொள்ளாத அளவுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் பயந்த சுபாவம். வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் எல்லாரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: அக்கரையில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா? அம்மா இருக்கிறாள், ஆனால் மண்ணுக்கடியில். அதற்குக் கட்டம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் 'இல்லை' என்று எழுதிவிட்டு, பொய் சொல்லிவிட்டோமோ என்று ஒரு வாரம் சாப்பிடமாட்டாள். இந்த ஊரில் பிறந்த அதிகாரியைத் தலைநகரத்தில் எல்லாரும் பாராட்டுவார்கள், ஆனால் யாரும் முழுசாக நம்பமாட்டார்கள் என்பது அவள் எண்ணம். யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்லாததே அவளுக்குச் சாட்சியாக இருந்தது.

ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை வெனியமின் வந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், ரிம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். அக்கரையில் இருக்கும் தங்கையின் தோட்டத்துக்கு வியாழன்தோறும் நடந்தே போவான். வசந்தம் வந்துவிட்டால் பாலத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்து வரிசையில் பாதிப் பேர் தோட்டக்காரர்கள்தான்: பனி விலகிய மண்ணுக்கு எது தேவையோ அது பையில் இருக்கும்.

எக்ஸ்-ரே திரையில் பாலாடைக்கட்டி தெரிந்தது, காப்பிப் பொட்டலம் தெரிந்தது, ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. நடுவில் நீளமாக ஒரு கறுப்பு நிழல்.

"அறிவிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று ரிம்மா எஸ்தோனிய மொழியில் கேட்டாள். ஜன்னலில் முதல் வாக்கியம் அதில்தான் இருக்க வேண்டும்.

"என் பல்லு செட் இருக்கு. இங்க கட்டினது. விடுவியா ரிம்கா?" என்றான் அவன் ரஷ்ய மொழியில்.

"பையைத் திறங்க."

"பாரு! மூணாம் வகுப்புல என் ரொட்டியைப் பிடுங்கித் தின்னவ, இப்ப 'திறங்க'ங்கிறா. நடுவுல எத்தனை நாடு வந்துட்டுப் போயிடுச்சு பாரு."

வரிசையில் சிரித்தார்கள். ரிம்மாவும் உதட்டை மடித்துக்கொண்டாள். பழந்துணியில் சுற்றிய எஃகு உருளை ஒன்றை வெளியே எடுத்தாள். முழங்கை நீளம். ஒரு முனையில் வழவழப்பான கம்பி, மறு முனையில் கறுப்பு ரப்பர் மூடி.

"இது?"

"ஜன்னல் திறக்கிறது. தங்கச்சியோட குடிலுக்கு."

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் எல்லாரிடமும் அது உண்டு. உருளைக்குள் எண்ணெய் இருக்கும். வெயில் ஏறினால் அது விரிந்து கம்பியைத் தள்ளும், கூரை ஜன்னல் தானாகத் திறக்கும். வெயில் இறங்கினால் மூடும். தக்காளி வெந்துபோகாமல் இருக்கும், தோட்டக்காரன் நகரத்தில் நிம்மதியாக இருப்பான். ரிம்மாவின் தோட்டத்திலும் இரண்டு இருக்கின்றன. விவசாயச் சாதனத்தின் உதிரிப் பாகம். எண் உடனே வந்தது. பட்டியலில் இல்லாத எண்.

"போங்க," என்றாள். மொத்தம் நாற்பது விநாடி ஆகியிருக்கும்.

சனிக்கிழமை காலை அவளும் ஹைனோவும் தோட்டத்துக்குப் போனார்கள். குளிர்காலத்தில் கழற்றி வைத்த உருளைகளைத் திரும்ப மாட்ட வேண்டும். ஹைனோ ஏணியில் நின்று கையை நீட்டினான்.

"அதைக் கொடு."

ரிம்மா எடுத்தாள். கொடுக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனையில் கம்பி. மறு முனையில் ஒன்றுமில்லை, வெறும் உலோகம்.

"இதுல வயர் மாட்டுற இடம் எங்க?"

"எதுக்கு வயர்?"

"கரண்ட் வேணாமா?"

"வெயில் இருக்கே," என்றான் ஹைனோ.

ரிம்மா கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள். பழந்துணியும் ரப்பர் மூடியும் கண்ணுக்குள் வந்து நின்றன. மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் தூக்கியிருந்தது. தூக்கியிருந்த இடத்தில் வயர் மாட்டுவதற்கான, ஊசிபோல் ஐந்து முனைகள், தங்க நிறத்தில். அவள் அதைப் பார்த்திருந்தாள். கண் பார்த்தது, எண் முந்திக்கொண்டது.

எங்கள் ஊர்க்காரர் யார் அந்த ஜன்னலில் இருந்திருந்தாலும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பார். தலைநகரத்துப் பெண் ஒருத்தி இருந்திருந்தால், தோட்டமும் தெரியாது குடிலும் தெரியாது, என்ன எழவோ என்று பிடித்து வைத்திருப்பாள். தெரியாதவள் பட்டியலைக் காப்பாற்றியிருப்பாள். தெரிந்தவள்தான் ஓட்டை போட்டாள்.

"என்ன?" என்றான் ஹைனோ ஏணியிலிருந்து.

"ஒண்ணுமில்ல."

அவன் கேள்வியை இரண்டாம் முறை கேட்கிறவன் இல்லை. அன்று மட்டும் கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டியலைப் படித்தாள். இருந்தது. மின்சாரத்தில் இயங்கி, கம்பியை நேர்கோட்டில் முன்னும் பின்னும் தள்ளும் சிறு கருவி. எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. நட்சத்திரத்துக்கு அர்த்தம், போர்க்களத்தில் கிடைத்த சிதிலங்களில் இந்த வகை கண்டெடுக்கப்பட்டிருக்கிறது என்பது. ஆளில்லாமல் பறக்கிறவற்றின் இறக்கையைச் சாய்ப்பதற்குச் சரியான நீளம்.

அவளுக்கு இரண்டு பயம் வந்தது. ஒன்று, அது எங்காவது பறக்கப்போகிறது என்பது. இன்னொன்று, தன் முத்திரை எண் அந்த வியாழக்கிழமைப் பதிவில் இருக்கிறது, ஊர்க்காரி, வகுப்புத் தோழன், வேண்டுமென்றே விட்டாள் என்று சொல்வார்கள், வேலை போய்ச் சிறையும் வரும் என்பது. இரண்டில் எது பெரியது என்று பார்த்தாள். இரண்டாவதுதான் பெரியதாக இருந்தது. யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் அவள் முகம் சிவந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேலதிகாரி ஐவோ கூப்பிட்டான். டார்ட்டு நகரத்திலிருந்து வந்தவன், நாற்பது வயது, யாரிடமும் குரல் உயர்த்தாதவன். அவன் குரல் உயர்த்தாததே ரிம்மாவைத் தொந்தரவு செய்யும். கோபப்படுகிறவனிடம் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரியும்.

"கதவைச் சாத்திட்டு உட்காருங்க, ரிம்மா."

சாத்தினாள். உட்கார்ந்தாள். 

"உங்க பேரு மட்டும்தான் பாக்கி. யோசிச்சு உண்மையைச் சொல்லுங்க."

"சொல்றேன்," என்றாள்.  "நான் வேணும்னு பண்ணல."

"என்ன பண்ணல?"

"என்ன கேட்டீங்க?"

"ஜூலையா ஆகஸ்டான்னு கேட்கிறேன். லீவு."

 அப்போது சொல்லியிருக்கலாம். வாய் பாதி திறந்தும் இருந்தது. தொலைபேசி அடித்தது, ஐவோ எடுத்தான், கையால் 'சொல்லுங்க' என்று சைகை காட்டினான்.

"ஜூலை," என்றாள் ரிம்மா.

செவ்வாய்க்கிழமை சந்தையில் வெனியமினைப் பார்த்தாள். வெள்ளரி வாசனை அடிக்கும் சின்ன மீன் வந்திருந்தது, அதற்கு வரிசை. இவள் தொலைவில் நழுவப் பார்த்தாள், அவன் விடவில்லை.

"ரிம்கா! சீருடை இல்லாம அடையாளமே தெரியல. மனுஷி மாதிரி இருக்க!"

"நீ சீருடை போட்டப்பவும் அப்படி இல்ல," என்றாள் ரிம்மா. ஜன்னலுக்கு வெளியே அவர்களுக்குள் நீ, வா, போதான். "இவ்ளோ மீன் யாருக்கு?"

"பூனைக்கு. அது மிச்சம் வச்சா எனக்கு."

பயணியின் பொருளைப் பற்றி அதிகாரி வெளியில் விசாரிக்கக்கூடாது என்பது விதி. அதனால் தக்காளியை விசாரித்தாள்.

"தங்கச்சி எப்படி இருக்கா? நாத்து நட்டாச்சா?"

"குடிலே இன்னும் தயாராகல."

"ஏன், ஜன்னல் திறக்கிறதைக் கொண்டுபோனியே."

"அவளுக்கு எங்க மாட்டத் தெரியும்? பக்கத்துத் தோட்டத்துல சேவான்னு ஒருத்தன், நல்ல கைவேலைக்காரன். அவன்தான் வாங்கி வரச் சொன்னான். சரி பண்ணி மாட்டித் தரேன்னு எடுத்துட்டுப் போயிட்டான்."

"நீ எந்தக் கடையில வாங்கின?"

"நான் எங்க வாங்கினேன்? பார்சல் என் பேருக்கு வந்துச்சு. ஆர்டர் பண்ணது அவன், சுமந்தது நான். பஸ் ஓட்டினப்பவும் அதான் பொழப்பு, யார் ஏர்றாங்க எங்க இறங்குறாங்கன்னு கேட்டா வண்டி நகருமா?" அவன் நிறுத்தி அவளைப் பார்த்தான். "ஏய், உனக்கு என்ன ஆச்சு? இந்த மீன் மாதிரி வெளுத்துப் போயிட்டே."

"வெயில்."

"வெயிலா? இந்த ஊர்லயா?"

அவன் சிரித்துக்கொண்டே மீனை வாங்கிப் போனான். ரிம்மா மீன் வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள். இனிமேல் எதையும் சுமக்காதே என்று அவனிடம் சொல்லியிருந்தால், சந்தேக ஆளை எச்சரித்தவள் ஆவாள். சொல்லாமல் விட்டதால் பள்ளித் தோழனுக்குப் பொறி வைத்தவள் ஆனாள். சட்டப்படி இரண்டாவதுதான் சரி. சரியானதைச் செய்த நிம்மதி மட்டும் வரவில்லை.

புதன்கிழமை ஒரு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். பதினான்கு வேற்றுமையும் தெரிந்த மொழியில் 'பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை' என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துக் கழிப்பறையில் போட்டாள். அவன் நாளைக்கு வரமாட்டான், வந்தாலும் காப்பிதான் இருக்கும், அந்த ஒன்றோடு முடிந்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் திரையில் பாலாடைக்கட்டி தெரிந்தது. அதன் கீழே மூன்று கறுப்பு நிழல்கள் வரிசையாகப் படுத்திருந்தன.

"பையைத் திறங்க," என்றாள். எஸ்தோனிய மொழியில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் மறந்துபோயிருந்தது.

வெனியமின் குளியல் துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தான். ரிம்மா ஒன்றின் ரப்பர் மூடியைக் கழற்றினாள். ஐந்து ஊசி முனைகள். கழற்றிய மூடியைத் திரும்ப வைக்க முயன்றாள், அது பொருந்தாமல் கீழே விழுந்து உருண்டது.

"இது என்ன?"

"போன வாரம் சொன்னேனே. ஜன்னல் திறக்கிறது."

"மூணா?"

"சேவா கேட்டான். அவன் குடில் பெரிசு போல."

"உங்க தங்கச்சி குடில்ல எத்தனை ஜன்னல்?"

"ஒண்ணு."

"சேவா குடிலை நீங்க பார்த்திருக்கீங்களா?"

வெனியமின் பதில் சொல்ல வாயெடுத்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன், ஆட்களைக் கண்ணாடியில் பார்த்தே எடைபோடுகிறவன். யோசித்தான். பார்த்திருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. அவன் முகத்தில் சிரிப்பு எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலேயே கெட்டியாகிவிட்டது.

"அவன் தோட்டத்துல குடில் இருக்கிற மாதிரி..." என்றான். பிறகு மெதுவாக, "ரிம்மா, இது என்ன சாமான்?"

"ஓரமா நில்லுங்க."

"நீ சொல்லு, இது என்ன?"

"ஓரமா நில்லுங்க, வெனியமின்."

அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. பயந்தவன் கத்தினான்.

"போன வாரம் நீதானே விட்டே! இதே சாமான், இதே ஜன்னல்! அப்ப நல்லது, இப்ப கெட்டதா? அப்ப உனக்குக் கண்ணு எங்க போச்சு?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சக்கரப் பையோடு பின்னால் நின்ற ஓர் அம்மாள் மட்டும், யாருக்கும் சொல்லாத மாதிரி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "பழைய சிநேகிதங்க. நம்மகிட்டன்னா சோப்பைக்கூட அறுத்துப் பார்ப்பாங்க."

மேஜைக்கு அடியில், காவலர்களைக் கூப்பிடக் காலால் மிதிக்கும் பொத்தான் இருக்கிறது. ரிம்மா அதை இரண்டு முறை மிதித்தாள். இரண்டாவது முறை தேவையில்லாதது. கால் தானாகச் செய்தது.

பறிமுதல் அறிக்கையில் பதினொரு கேள்விகள். ஆறு கேள்விக்கு மணி மணியாக எழுதினாள். ஏழாவது: இந்த நபர் இதே வகைப் பொருளை இதற்கு முன் எடுத்துச் சென்றது உங்களுக்குத் தெரியுமா? அந்த வரியில் பேனா வெகுநேரம் நின்றது. மை ஊறி ஒரு புள்ளி விழுந்தது. அதற்குப் பிறகு எழுதினாள்: ஆம். ஒன்று. சென்ற வியாழக்கிழமை. அனுமதித்தது நான். சனிக்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்தது. நான் சொல்லவில்லை.

கடைசி இரண்டு வாக்கியத்தை யாரும் கேட்டிருக்கவில்லை.

ஐவோ நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான்.

"ஏழாவதுக்கு இப்படி எழுதியிருக்கீங்க."

"அவன் கத்தினான். வரிசை முழுக்கக் கேட்டுச்சு."

"கேமராவுல படம்தான் வரும், சத்தம் வராது. வரிசையில நின்னவங்க இந்நேரம் அக்கரையில இருக்காங்க. வெனியமின் சொன்னா தன் மேலயே இன்னொரு குற்றத்தை ஏத்திக்கிறதா ஆகும். போன வாரப் பதிவுல 'தோட்டச் சாமான், ஒன்று'ன்னு இருக்கு. அது எந்தச் சாமான்னு யாரால சொல்ல முடியும்?" அவன் தாளை மேஜையில் வைத்தான். "நீங்க எழுதலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும்தான்."

ஐந்து நாளாக அவளை அரித்தது யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம். கண்டுபிடிக்க ஆளே இல்லை என்று இப்போது தெரிந்தது. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பாலத்தின் இந்த முனையில் பட்டியல் என்று ஒன்று இருப்பதே இவள் கண்ணும் இவள் வாயும்தானா? இவை இரண்டும் சும்மா இருந்தால், அதோடு முடிந்ததா?

அறிக்கையின் கீழே கையெழுத்து இன்னும் போடப்படவில்லை. பேனா மேஜையில் இருந்தது. ஐவோ அதை அவள் பக்கம் தள்ளவும் இல்லை, எடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இப்படிப்பட்ட நேரத்தில் நல்லவர்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஆள்.

"சிறைக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"வெனியமினை?"

"அதுவும் தெரியாது, ரிம்மா."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். முத்திரையும் குத்தினாள், அழுத்தி.

ஏழு வாரம் வீட்டில் இருந்தாள். தலைநகரத்திலிருந்து வந்த இருவர் நான்கு முறை விசாரித்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள், காப்பி கொடுத்தார்கள், நாற்காலி வசதியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒவ்வொரு மரியாதைக்கும் அவள் பயம் கூடியது. வெனியமினோடு எத்தனை வருஷப் பழக்கம், அம்மாவின் கல்லறைக்கு யார் பூ வைக்கிறார்கள், படிவத்தில் ஏன் 'இல்லை' என்று எழுதினீர்கள் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வீட்டு மணி அடிக்கும்போதெல்லாம் ஹைனோ போய்க் கதவைத் திறப்பான். யாராக இருந்தாலும், அஞ்சல்காரராக இருந்தாலும், முதலில் வாசலை அடைத்து நிற்பான். அந்த ஏழு வாரமும் அவன் இருபது வார்த்தையைத் தாண்டவில்லை. ஆனால் பேசாதபோது நிற்கிற இடம் மாறியிருந்தது.

கடைசியில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். வேண்டுமென்று செய்ததற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். அவள் இடத்தில் உட்கார உள்ளூரில் வேறு ஆளும் இல்லை என்பதை அவர்கள் சொல்லவில்லை. ஜூலை லீவு முடிந்து, ஆகஸ்டில் அவள் மறுபடி இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்தாள்.

வெனியமின் மேல் வழக்கு இன்னும் முடியவில்லை. நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பதால் வியாழக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறான். அவன் தங்கை தொலைபேசியில், சேவா தோட்டத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான், அவன் நிலத்தில் குடில் இருந்ததே இல்லை என்று சொன்னாளாம். இதை வெனியமின் விசாரணையில் சொல்லியிருந்தான், ரிம்மா கோப்பில் படித்தாள். தெருவில் பார்த்தால் அவன் அந்தப் பக்கம் போய்விடுகிறான். ஒரே ஒரு முறை, ரொட்டிக் கடையில் தப்பிக்க இடமில்லாமல் எதிரெதிரே நின்றபோது, "நான் தக்காளிக்குன்னுதான் நினைச்சேன்," என்றான்.

"நானும்தான்," என்றாள் ரிம்மா.

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அவன் ரொட்டி வாங்காமல் போனான்.

பறிமுதலான மூன்றையும் ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் இரண்டு பக்கம். மருத்துவமனைக் கட்டிலை உயர்த்தவும் பயன்படும், சூரியத் தகட்டைத் திருப்பவும் பயன்படும், ஆளில்லா விமானத்தின் இறக்கையை அசைக்கவும் பயன்படும். எதற்காக வாங்கப்பட்டது என்று கூற இயலாது. முன்னால் போன ஒன்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கையில் இல்லாத பொருளை ஆய்வு செய்ய முடியாது.

இப்போது ரிம்மாவின் வரிசைதான் மெதுவாக நகர்கிறது. குடை வந்தால் விரிக்கிறாள், சைக்கிள் பம்ப்பைக் காற்றடித்துப் பார்க்கிறாள், பேனாவைக் கழற்றிப் பார்க்கிறாள். எண்ணைக் கணினியில் தட்டித் தேடுகிறாள், கிடைத்த பிறகும் இன்னொரு முறை தேடுகிறாள். "இன்னிக்கு ரெண்டாம் ஜன்னல்ல யாரு?" என்று சதுக்கத்திலேயே விசாரித்துக்கொள்கிறார்கள். ரிம்மா என்று தெரிந்தால் முகம் சுருங்குகிறது. முப்பத்தோரு வருஷம் பயந்தவளுக்கு இப்போது ஊரே பயப்படுகிறது. அவளுக்கு அது தெரியும். அதனால் அவள் பயம் குறையவில்லை.

மாலையில் செய்தி போடுவார்கள். எங்கோ ஓர் ஊரில் ராத்திரி ஏதோ வந்து விழுந்திருக்கும். பிளந்த சுவர், தொங்கும் சமையலறை, போர்வை போர்த்திக்கொண்டு தெருவில் நிற்கும் மனிதர்கள். ஹைனோ பார்ப்பது அதை. ரிம்மா எழுந்து திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். அவள் பார்ப்பது சுவரையும் இல்லை, ஆட்களையும் இல்லை. தரையில் சிதறிக் கிடக்கும் உலோகத் துண்டுகளை, ஒவ்வொன்றாக, நீளம் அளக்கிற மாதிரி பார்ப்பாள்.

"உட்காரு," என்பான் ஹைனோ.

"இரு," என்பாள்.

படம் மாறி வானிலை வரும்வரை அங்கேயே நிற்பாள்.